தலைமாட்டுப் பீடிங்

தலைமாட்டுத் துண்டு ஒரு விரற்கடை குறைந்தது.

தச்சன் டெல்ஃபினுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. பேட்டிஸ் ஊரில் இருபது வருஷமாகப் விளிம்பில் ஒட்டுகிற பூவேலைச் சட்டம், பீடிங், அறுக்கிற கை. சவப்பெட்டியின் நீளவாட்டில் இரண்டு பக்கமும் பீடிங் அம்சமாக உட்கார்ந்திருக்க, தலைமாட்டில் மட்டும் சரிவாய் அறுத்த இரண்டு முனைகளும் சேராமல் இளித்தன.

அக்கா பசிட்டாவைக் காலையில்தான் பெட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி. அவள் தோளகலத்துக்கு மேல் ஒரு நூல்கூட அவன் விடவில்லை. பெட்டியில் இடம் மிஞ்சினால் செத்தவர் தன் வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று அந்தப் பக்கத்தில் யாரும் பெட்டியைத் தாராளமாக அடிப்பதில்லை. அவன் மகள் லுஸுக்கு ஏழு வயசு. பிறந்ததிலிருந்து அத்தையின் கைமேல் தலைவைத்துத் தூங்கியவள், மூன்று நாளாகக் கண் மூடவில்லை.

மனைவி கோரிங் காப்பியை வைத்துவிட்டுச் அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"அழுதுகிட்டே அளந்தா அப்படித்தான் வரும். மூஞ்சியைத் துடைச்சுட்டு அறுங்க."

துடைத்துக்கொண்டு, வேறு துண்டை வைத்துக் குறித்து, மறுபடி அறுத்தான். பிற்பகல் மழை தகரக் கூரையில் கொட்ட, ஈர மரத்தூளும் மெழுகுவர்த்திப் புகையும் அக்காவின் தலையில் தடவிய தேங்காயெண்ணெயும் சேர்ந்து பட்டறை முழுக்கக் கனத்து நின்றன. துண்டைப் பொருத்திப் பார்த்தான். இரண்டு விரற்கடை குறைந்தது.

ஈரத்துக்குப் பலகை உப்பும்தான். ஆனால் நார் ஓடுகிற திசையில் மரம் நீளாது; தலைமாட்டுப் பலகையில் நார் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடியது. மூட்டுகளைத் தடவினான். எங்கும் பிளவில்லை. அப்போதுதான் பயந்தான். துணியை விலக்கிப் பார்க்க மனம் வரவில்லை.

மூன்றாவது துண்டை ஒரு சாண் கூட்டி அறுத்தான். பொருந்தக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வைத்தான்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆணி அடித்துவிட்டால் இனி அகலாது என்று தோன்றியது. பசை தடவினான். அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்தினான்.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

மெத்தென்று. பெட்டிக்குள்ளிருந்து. விட்டு விட்டு.

மாடியிலிருந்து கோரிங் குரல் கொடுத்தாள். "ஏங்க, லுஸ் உங்ககூடவா இருக்கா?"

சுத்தியலைக் கீழே போட்டான். துணியின் ஓரத்தைப் பிடித்தான். இழுத்தான்.

அக்கா ஓரமாக நகர்ந்து படுத்திருந்தாள். நீட்டிய கைமேல் லுஸின் தலை. மூன்று நாளைக்குப் பிறகு குழந்தை அசந்து தூங்கினாள். அக்காவின் இன்னொரு கை அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.