விட்டுவிடுகிறேன் என்று சொல்லாதவள்

நான் பொறாமைக்காரி. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் இந்தக் கதையில் பாதிதான் வரும்.

1978, தை மாதத்து ஞாயிறு. காரைக்கால் கோயிலில் குழந்தை சவரிக்கு ஞானஸ்நானம் முடிந்து இரண்டு ரிக்‌ஷாக்களில் வீடு திரும்பினோம். கொழுந்தன் அந்தோணிமுத்துவும் அவன் மனைவி ஆரோக்கியசெல்வியும் முன்னால் போனார்கள். நானும் என் வீட்டுக்காரர் மரியசூசையும் பின்னால். குழந்தை என் மடியில் இருந்தது. அதற்கு ஞானத்தாய் நான்தான். "சலோமி அக்கா தூக்குனாதான் எம் புள்ளைக்கு நல்லது" என்று செல்வி ஒரே பிடிவாதம்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், வயிறு திறக்கவில்லை. அவள் வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் கையில் பிள்ளை. அவள் நல்லவளாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சண்டைக்காரியாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் வீடு பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். உயரமான கதவுகள். இருட்டு நடையில் பகலிலும் தட்டுத் தடுமாறித்தான் போக வேண்டும். அன்று உள்ளே கால் வைத்ததும் அணைத்த திரியின் புகை வாசனை வந்தது. காலையில் யாரும் எதையும் ஏற்றவில்லை. வீடு பூட்டித்தான் கிடந்தது.

நான் மட்டும் முந்தானையை இறுக்கிப் பிடித்தேன்.

கோயிலில் சாமியார் மூன்று முறை கேட்டிருந்தார், இருளையும் அதன் தலைவனையும் விட்டுவிடுகிறீர்களா என்று. பிள்ளைக்காகப் பெற்றவர்களும் ஞானப் பெற்றோரும் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் "விட்டுவிடுகிறேன்" என்றார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். இத்தனை வருஷம் வளர்த்த வயிற்றெரிச்சலை அவள் பிள்ளைக்காக நான் ஏன் விட வேண்டும்?

மூன்றாவது முறை வாயசைத்தபோது காதுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"அப்ப நான் ஒங்கூடவே வர்றேன்."

திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

பிறகு பீடத்தருகே எரிந்த பெரிய பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்தார்கள். அது பிள்ளைக்கென்று வந்த வெளிச்சம். பிள்ளை வளர்ந்து முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள் வரை பெற்றவள் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் அதை ஊதி அணைத்து முந்தானைக்குள் சொருகிக்கொண்டேன். கோயில் வாசல் கடையில் வாங்கிய வேறொன்றைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் தூளிக் கயிறு கிறீச்சிட்டது. செல்வி அடுப்படியில் இருந்தாள். நான் கதவோரம் நின்றேன். தூளி ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

நீலப் புடவைத் தலைப்பு ஒன்று தூளிக்குப் பின்னால் நழுவி மறைந்தது. நான் உடுத்தியிருந்ததும் நீலப் புடவைதான்.

பிள்ளை வீறிட்டது. செல்வி ஓடிவந்து தூக்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அலறல் கூடியது. என்னிடம் கொடுத்தாள். உடனே அடங்கியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு, அவள் கதவருகே நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அப்போதெல்லாம் என் கழுத்தருகே புகை வாசனையோடு மூச்சு படும்.

"ஒனக்குத்தான். எடுத்துக்க."

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் பால் இல்லை. செல்வியின் மார்பில் வைத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பியது. புட்டிப்பாலில் ஒரு வாய் விழுங்கினால் மிச்சத்தைத் துப்பியது. டாக்டர் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை, பால் குடித்தால் போதும் என்றார். ஒன்பதாம் நாள் அதற்கு அழவும் தெம்பில்லை. மடியில் துணியாகக் கிடந்தது.

அன்று பொழுது சாயும்போது கரண்ட் போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் தங்கள் சைக்கிள் கடையிலிருந்து இன்னும் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றது குரல். "அப்பறம் அவளுக்கும் இல்ல."

அப்போதுதான் அந்தக் குரலை அடையாளம் கண்டேன்.

என் குரல்.

பிள்ளையைச் செல்வி கையில் போட்டுவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து மெழுகுவர்த்தியை எடுத்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும். மூன்றாவது திரியில் பற்றியது. யாரோ நிதானமாக ஊதி அணைத்தார்கள்.

"செல்வி, இதுதான் ஒம் புள்ளையோட திரி. நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

"ஏங்க்கா?"

"ஒம் மேல பொறாம. அன்னிக்குக் கோயில்லயும் நான் வாயத்தான் அசச்சேன். விட்டுடறேன்னு சொல்லவே இல்ல."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அறைவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லக் கேட்டாள்.

"இப்ப சொல்லுவீங்களா?"

சொன்னேன். பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்த வந்தது. குளிர்ந்த கை. மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை "விட்டுவிடுகிறேன்" என்று கத்தியே சொன்னேன்.

அடுத்த குச்சியை உரசினேன். அது நின்று எரிந்து திரியில் பற்றியது.

சுடர் ஒருமுறை சாய்ந்தது. யாரோ வெளியேறியது போலக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. பிள்ளை தலையைத் திருப்பித் தாயின் மார்பைத் தேடியது. அது மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அப்போதும் கொஞ்சம் பொறாமை இருந்தது. இருந்தாலும் திரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே நீலப் புடவையை அடுப்பில் போட்டேன். செல்வி இதை யாரிடமும் சொல்லவில்லை.

1986-இல் சவரிக்குப் புதுநன்மை. வெள்ளைச் சட்டையில், அதே மெழுகுவர்த்தியோடு முன்வரிசையில் நின்றான். அதே கேள்விகளைக் கேட்டார்கள். கோயிலிலேயே உரக்கப் பதில் சொன்னது நான்தான். பூசை முடிந்ததும் எரிகிற திரியோடு வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தான்.

"பெரியம்மா, ஒங்க பின்னால நீலப் பொடவ கட்டிக்கிட்டு நின்னாங்களே, அவங்க யாரு? ஒங்கள மாதிரியே இருந்தாங்க."

"எப்படா பாத்த?"

"பதில் சொல்றப்ப திரும்பிப் பாத்தேன். அவங்க மட்டும் சும்மா வாய அசச்சாங்க."

காற்று இல்லை. அவன் கையில் இருந்த சுடர் சாய்ந்து அணைந்தது. அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான்.

"பாருங்க, ஊதிட்டாங்க."

எட்டு வருஷமாகத் தீப்பெட்டி இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. இடுப்பிலிருந்து எடுத்து உரசினேன். "விட்டுவிடுகிறேன்" என்று மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் பற்றியது.