சிப்பாய் யார் சொல்லி உட்கார்ந்தது?

ஸ்வீட்லின் வாயைத் திறப்பதற்கு முன்பே நாய் உட்கார்ந்துவிட்டது.

அவள் விரல்களுக்கிடையே அவித்த கோழி ஈரல் துண்டு ஒன்று இருந்தது. "உக்காரு" என்று சொல்ல மூச்சை இழுத்திருந்தாள், அவ்வளவுதான். அதற்குள் வீட்டுக்குள்ளே எங்கோ, சிமெண்டுத் தரையில் கட்டை பட்டதுபோல் 'டொக்' என்று ஒரு சத்தம். மறுநொடி சிப்பாயின் பின்புறம் தரையில். ஜன்னல் கதவு அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "சமத்து" என்று ஈரலை நீட்டினாள். நாய் வாங்கவில்லை. அதன் தொடைகள் நடுங்கின.

தன் ஊரான மடவார் வளாகத்திலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு ஸ்கூட்டரில் ராஜபாளையம் வந்து அவள் அந்த நாயைப் பழக்குகிறாள். அடிப்பதில்லை, சங்கிலியைச் சுண்டி இழுப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. ஒரு சொல்லை ஒரே தடவை சொல்வது, செய்த உடனே ஒரு பாராட்டு, ஒரு துண்டு ஈரல். அவ்வளவுதான் அவள் முறை. முதல் மூன்று நாளும் சிப்பாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக இடுப்புயரம் நிற்கும் நாய், அவள் தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாலே கிடந்த இடத்தில் மூத்திரம் போனது. நாலாம் நாள் தானாகவே வந்து அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. அன்று திரும்பும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

இன்று ஒன்பதாம் நாள். வீட்டுக்காரி சண்முகத்தாய் அதிகம் பேசமாட்டாள். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் சுந்தரபாண்டியன் தை மாதம் இறந்துபோனார். மகள் ஈஸ்வரி அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் நாய் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் யாரிடமாவது தள்ளிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

மலைப்பக்கம் கறுத்து, ஐந்து மணிக்கே கூடம் மங்கியது. கரண்ட் போயிற்று. ஃபேன் சுற்றி ஓய்ந்ததும், அதுவரை மறைந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன: ஜன்னல் தகரத்தில் தூறல், சமையலறைக் குழாயின் சொட்டு, நாயின் இளைப்பு. கூடவே ஒரு வாடை. அப்போதுதான் தேய்த்த ஷூ பாலிஷின் காரமான வாடை. அந்த வீட்டில் இப்போது ஷூ போடுகிறவர் யாருமில்லை.

டொக். டொக்.

சிப்பாய் படுத்தது. தாடை தரையோடு ஒட்டியது.

படுக்க அவள் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

"அக்கா, இதைப் படுக்க யாரு பழக்குனது?"

சண்முகத்தாய் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அவியதான். வாயத் தொறக்க மாட்டாவ. லத்தியத் தரையில தட்டுவாவ. ஒருக்காத் தட்டுனா உக்காரணும். ரெண்டு தட்டுன்னா படுக்கணும்."

"இப்ப யாரு தட்டுறா?"

சண்முகத்தாய் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "காரியம் முடிஞ்ச அன்னைக்கே அந்த லத்திய அடுப்புல வச்சிட்டேன் தாயி. சாம்பலாப் போறவரைக்கும் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

ஸ்வீட்லின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடலாம். வாசல் கதவு அவளுக்குப் பின்னால் நாலு எட்டில்தான் இருக்கிறது. ஆனால் நாய் அவளைப் பார்த்தது. ஒன்பது நாளில் அவளை நம்பப் பழகிய பார்வை. மெல்ல முழங்காலிட்டு, நடுக்கம் குரலில் ஏறாமல் கையை நீட்டினாள்.

"சிப்பாய். வா."

வயிறு தரையில் உரச நாய் ஒரு முழம் ஊர்ந்து வந்தது. இன்னொரு முழம். அவள் விரல்நுனியில் அதன் மூச்சு பட்டது.

விர்ரென்று காற்றைக் கிழிக்கும் சத்தம்.

நாய் வீறிட்டுச் சுருண்டது. அதன் வெள்ளை விலாவில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சிவப்புக் கோடு நீளமாகத் தடித்து எழுந்தது.

"கூப்புடாத தாயி," என்றாள் சண்முகத்தாய் ரகசியக் குரலில். "நீ கூப்புடக் கூப்புட அதுக்குத்தான் அடி விழும்."

ஸ்வீட்லின் தட்டுத்தடுமாறி எழுந்தாள். "நீங்களும் வாங்கக்கா. வண்டி வெளியதான் நிக்குது. நாயையும் தூக்கிட்டுப் போயிருவோம். வாங்க."

சண்முகத்தாய் வாசலைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

டொக்.

உட்கார்ந்தாள். சேலையைக்கூட ஒதுக்காமல், நின்ற இடத்திலேயே, கால் மடிந்து. நாய்க்குப் பக்கத்தில்.

"அக்கா, எந்திரிங்க."

டொக். டொக்.

படுத்தாள். கன்னம் சிமெண்டில் பதிந்தது. கை இரண்டும் உடம்போடு ஒட்டின. யோசிக்கவே இல்லை.

நாயும் அவளும். பக்கத்தில் பக்கத்தில். கண்கள் மட்டும் மேலே. ஆளுயரத்தில் எதையோ பார்த்தபடி.

பிறகு அந்த நான்கு கண்களும் நகர்ந்தன. ஒன்றாக. மெதுவாக. சமையலறை வாசல். சாமி படம். கட்டில். நாற்காலி.

ஸ்வீட்லினிடம் வந்தன.

அவள் முகத்தில் நிற்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, அவளுக்கும் கதவுக்கும் நடுவே, அசையாமல் நின்றன.