பேனரில் இல்லாத அத்தை

காலை ஏழு மணிக்குள் ராஜ்கமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நாலு தடவை நடந்துவிட்டான். பத்து மணிக்குள் படம் வராவிட்டால் நாளை மறுநாள் சடங்குக்குள் பேனர் அடித்துத் தர முடியாது என்று நெல்லித்தோப்புக் கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடந்த நடையில் சும்மா இருக்க முடியாமல், மனைவி தையல்நாயகி முடித்து வைத்திருந்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்தான். நல்லெண்ணத்தோடுதான் போட்டான். அவனுடைய நல்லெண்ணம் எப்போதும் இப்படித்தான் ஆள் பார்க்காமல் போய் இடிக்கும்.

அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த தையல்நாயகி அதைப் போனில் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். நாத்தனார் சரிதா இன்னும் போனைப் பார்க்கவில்லை. பார்த்தால்...

அரியாங்குப்பத்தில் அந்தத் தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் பேனர் படம் தையல்நாயகிதான் செய்து தருவாள். கூடத்து மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் காசில்லாமல் கிடைத்த ஒரு சாப்ட்வேர், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. இந்த முறை வயதுக்கு வந்திருப்பது அவளுடைய சொந்த மகள் கார்குழலி. மாமனார் மாமியார் படம் வீராம்பட்டினம் தேரில் எடுத்தது. புருஷன் படம் தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. ஒவ்வொருவரையும் முடி பிசகாமல் வெட்டி, ஒரு லேயரின் மேல் இன்னொரு லேயராக அடுக்கி, எல்லோரும் ஒரே இடத்தில் நின்ற மாதிரி செய்திருந்தாள். சடங்குப் பேனரில் ஒரு முகம் விட்டுப்போனால் பத்து வருஷத்துக்கு அந்த உறவு பேசாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணி, இதுல நான் எங்க?"

அடுப்படி வாசலில் போனோடு நின்றாள் சரிதா. தையல்நாயகி இட்லிக் குண்டானை மூடினாள்.

"விட்டுப் போயிருக்கும்மா. இத்தன பேர ஒட்டறப்ப ஒண்ணு தவறும். இப்ப சேத்துடுவா" என்று ராஜ்கமல் குறுக்கே வந்தான்.

சரிதா நேராகக் கூடத்துக் கம்ப்யூட்டருக்குப் போனாள், பின்னாலேயே மற்ற இருவரும். எத்தனையோ மதியம் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் அவள். படம் திறந்தே இருந்தது. ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் குறி. கண் இருந்தால் அந்த ஆள் தெரிவார், அணைத்துவிட்டால் மறைந்துபோவார். கார்குழலிக்கு அடுத்த வரியில் பச்சைப் புடவையில் சரிதாவே இருந்தாள். அவளுக்கு மட்டும் கண் இல்லை.

"மறந்து போவலண்ணா. என்ன வெட்டி எடுத்து, பொண்ணு பக்கத்துல நிக்க வச்சு, அப்புறமா மறைச்சிருக்காங்க."

"தையலு, என்ன இது?"

"என் தப்புதாங்க. விடுங்க."

"புருஷன் செத்தவ மூஞ்சி பொண்ணுக்கு ஆவாதுன்னுதான அண்ணி?" என்று திரும்பினாள் சரிதா. "நீங்க கோரிமேட்டு ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கெடந்தப்ப குழலிக்குப் பால் ஆத்திக் குடுத்தது இந்தக் கைதான? அப்ப ஆச்சு. இப்ப ஆவலையா..."

தையல்நாயகி மாமியாரைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகத் தரையைப் பார்த்தாள். கூடத்தில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த மாமியார் அமிர்தவல்லி, ஒரே வெற்றிலையை வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் மதியம் இதே கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான். சரிதாவை எடுத்துவிடு என்றாள். மருமகள் முடியாது என்றதும் அழுதாள். கடைசியில், தன் பேரைச் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தையல்நாயகி சத்தியம் செய்தது மாமியாருக்குப் பயந்து அல்ல. பெற்ற தாயே தன்னை விலக்கினாள் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணுக்குப் போக இடமேது என்றுதான் செய்தாள். படத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை, மறைத்து வைத்தாள்.

சரிதா அதற்குள் உள்ளே போய்ப் பையோடு வந்துவிட்டாள்.

"கடலூருக்கே, மாமியா வீட்டுக்கே போறேன்."

"அந்த வீட்டுக்கா? அடிச்சு அனுப்புனவங்க வீட்டுக்கா?" ராஜ்கமல் பையைப் பிடித்தான்.

"அங்க திட்டுனா மூஞ்சிக்கு நேரா திட்டுவாங்க." கையை உதறிவிட்டு, அம்மாவின் காலடியில் குனிந்தாள். "இந்த வீட்ல என்ன மனுஷியா பாத்தது நீ ஒருத்திதாம்மா. நீ இருக்கற வரைக்கும் எனக்கு வீடு இருக்குன்னு நெனச்சேன். உன்ன விட்டுட்டுப் போறதுதான்..."

அமிர்தவல்லி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதடி. என் கால தொடாத."

எல்லோரும் திகைத்தார்கள். கிழவியின் உதடு கோணிக்கொண்டு போனது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். அவ மாட்டேன்னா. அழுது சத்தியம் வாங்குனேன். நாளைக்குப் பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தாகூட ஊரு ஒன்னத்தான சொல்லும்... அந்தப் பயத்துல சொன்னேன். எனக்கும் ஆவாதோன்னு இருந்துச்சு சரிதா. பொய் சொல்ல மாட்டேன். இருந்துச்சு."

சரிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி நீங்க வாயத் தொறக்கல?"

"சொன்னா உனக்கு ஏது வீடு? என்மேல கோவம்னா இங்கியே இருந்து என்னத் திட்டிக்கிட்டு இருப்பன்னு நெனச்சேன்."

பதினைந்து வருஷத்தில் மாமியார் எதிரே குரல் உயர்த்தாதவள், இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் நேராகப் பார்த்தாள்.

"அத்த, உங்க பேர சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். சொல்லல. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். நாளமறுநாள் குழலிக்கு மொதத் தண்ணி சரிதாதான் ஊத்தணும். இல்லன்னா பேனரும் வேணாம், சடங்கும் வேணாம்."

ராஜ்கமல் அம்மாவைப் பார்த்தான். அமிர்தவல்லி யாரையும் பார்க்கவில்லை. முட்டியில் கை ஊன்றி எழுந்து, கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள். படத்தில் பேத்திக்கு ஒரு பக்கம் ராஜ்கமலும் மறுபக்கம் அவளும் நின்றிருந்தார்கள்.

"இவள எங்க நிறுத்துவ?"

"எடம் நெருக்கடியா இருக்கு. மொதல்ல உங்களுக்கும் குழலிக்கும் நடுவுல..."

"என்ன ஓரத்துல தள்ளு" என்றாள் அமிர்தவல்லி. "அவ புள்ளைய ஒட்டி நிக்கட்டும். என் கை அவ முன்னாடி வராம பாத்துக்க."

தையல்நாயகி உட்கார்ந்து கண் குறியை அழுத்தினாள். பச்சைப் புடவையில் சரிதா வந்து நின்றாள். மாமியாரை ஓரத்துக்கு நகர்த்தினாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து தையல்நாயகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டன. தோளில் ஈரம் பட்டது.

"இரு சரிதா, கை ஆடுது... படம் கோணலாப் போவுது" என்றாள். சொல்லிவிட்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்க, மவுஸை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.