குடை போட்ட பாக்கெட்

சில்வண்டு அப்பாவோடு காய் விட்டிருந்தாள்.

சும்மா விளையாட்டுக் காய் இல்லை. "இனிமே ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்" என்று கண்ணை உருட்டிச் சொல்லிவிட்ட காய். ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்குச் சில்வண்டு என்று பெயரே வந்தது. அப்படிப்பட்டவள் காலையிலிருந்து உம்மென்று உட்கார்ந்திருந்ததில் பட்டறையே வெறிச்சோடிக் கிடந்தது.

பட்டறை அத்தையுடையது. அத்தை, அப்பாவின் அக்கா, லாரி மெக்கானிக். அப்பா, லாரி டிரைவர். அந்த ஒரு லாரியால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சில நாளாக அது கரும்புகை கக்கவே, அத்தை எஞ்சினைக் கழற்றி வெளியே இறக்கியிருந்தார். எஞ்சின் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. லாரியின் முன்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது.

"எஞ்சின் இறங்கியிருக்கும்போதே முடிச்சிடுவோம்டா தம்பி" என்பது அத்தையின் பேச்சு. பிறகு கையை விட்டாலும் எட்டாத இடமெல்லாம் இப்போதுதான் எட்டுமாம். அப்படிச் சொல்லியே கிளட்ச் பிளேட்டை மாற்றினார். எண்ணெய் கசிந்த 'ஆயில் சீல்' வளையத்தை மாற்றினார். வெடித்துப்போன ரப்பர் குழாய்களையும் மாற்றினார்.

அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. "எஞ்சின் இறங்கியிருக்கும்போதே" என்று அப்பா, எஞ்சின் இருந்த இடத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தார். "எஞ்சின் இறங்கியிருக்கும்போதே" என்று அம்மா, ஊசியும் நூலுமாக லாரிக்குள் ஏறி, கிழிந்த சீட் உறையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

"சீட்டுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்பா.

"வண்டி ஒரு இடத்துல நிக்குதே, அதுதான் சம்பந்தம்" என்றார் அம்மா.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, துடைக்கிற துணி தீர்ந்துபோகும்வரை. அத்தைக்குத் துணி நிறைய வேண்டும். துடைக்க மட்டுமல்ல, எஞ்சினில் திறந்திருக்கும் ஓட்டைகளில் தூசியோ போல்ட்டோ விழாமல் அடைத்துவைக்கவும் வேண்டும். அப்பா வீட்டுக்கு ஓடிப்போய், பழைய துணி மூட்டையைப் பிரித்து, கைக்கு வந்ததைக் கிழித்து எடுத்துவந்தார்.

கைக்கு வந்தது சில்வண்டுவின் மஞ்சள் கவுன்!

இந்த லாரியை முதன்முதலாக வெளியூருக்கு ஓட்டிப்போனபோது அப்பாவே வாங்கிவந்த கவுன் அது. பாக்கெட்டில் ஒரு சிவப்புக் குடைப் படம் போட்டிருக்கும். அன்றைக்கு அந்தப் பாக்கெட்டுக்குள் ஒரு மிட்டாயும் இருந்தது.

"அது உனக்கு இடுப்புக்குக்கூட வராதேடா செல்லம்" என்றார் அப்பா, பாவமாக.

சில்வண்டு அவரைப் பார்க்கவே இல்லை. "அத்தை, என் கவுனைக் கிழிச்சவர் என் செருப்புமேல நிக்கிறார். நகரச் சொல்லுங்க."

"டேய், நகருடா" என்றார் அத்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மதியம் அத்தை ஒரு போல்ட் வாங்கக் கடைக்குப் போனார். அந்த நேரம் பார்த்துப் புழுதிக்காற்று ஒன்று வீசியது. "ஐயோ, தூசி! தூசி!" என்று அப்பா கையில் துணியோடு இங்கும் அங்கும் ஓடினார். என்ன செய்கிறார் என்று பார்க்கச் சில்வண்டுவுக்கு ஆசைதான். ஆனால் காய் விட்டவள் பார்க்கலாமா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அத்தை எஞ்சினின் வாய்களில் அடைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவி வாளியில் போட்டார். பிறகு சங்கிலியை இழுத்து எஞ்சினைத் தூக்கி, மெல்ல மெல்ல லாரிக்குள் இறக்கி உட்காரவைத்தார்கள். அத்தை ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். கடைசியாக, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் காற்றுக்குழாயை அப்பா எடுத்துக் கொடுக்க, அதையும் மாட்டினார்.

சில்வண்டு வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கவுன் போனது போனதுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு சாக்கை விரித்து, அழுக்குத் துணிகளை அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். இது இடது கை. இது வலது கை. இது முதுகு. இது பாவாடைப் பக்கம், ஊஞ்சலில் மாட்டிக் கிழிந்த இடம் இதோ. மெதுவாக ஒரு எண்ணெய்க் கவுன் சாக்கின்மேல் படுத்துக்கொண்டது.

வலது பக்கத்தில் மட்டும் ஒரு பொத்தல். குடை போட்ட பாக்கெட்டைக் காணோம்.

வாளியைக் கவிழ்த்தாள். இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தாள். இல்லை. "அம்மா, சீட்டுக்கு ஒட்டுப்போட என் பாக்கெட்டை எடுத்தீங்களா?"

"அந்த எண்ணெய்த் துணியையா? எனக்கென்ன கிறுக்கா?" என்றார் அம்மா மேலேயிருந்து.

"அத்தை, எல்லாத் துணியையும் எடுத்துட்டீங்களா?"

"நான் வெச்சதையெல்லாம் எடுத்துட்டேன்டி கண்ணு."

நான் வெச்சதை! அப்படியென்றால் அத்தை வைக்காதது? சில்வண்டுவுக்குப் புழுதிக்காற்று ஞாபகம் வந்தது. அப்பாவோ ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, சாவியில் கை வைத்துவிட்டார்.

"அப்பா! சாவியைத் திருப்பாதீங்கப்பா!"

அப்பா துள்ளினார். "பேசிட்டா! அக்கா, கேட்டியா? என் பொண்ணு பேசிட்டா!"

"ஐயோ அப்பா, சாவி! கையை எடுங்க!"

"ரெண்டாவது தடவையும் பேசிட்டா!"

"டேய், குழந்தை என்ன சொல்றான்னு முதல்ல கேளுடா" என்று அத்தை ஒரு அதட்டுப் போட்ட பிறகுதான் அப்பாவின் கை சாவியை விட்டது.

சில்வண்டு சாக்கைக் காட்டினாள். "பாருங்க, பாக்கெட்டைக் காணோம். எங்கேயும் இல்ல. காத்தடிச்சப்போ எங்கேயாவது அடைச்சீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார். சொறிந்த கை அப்படியே நின்றது. "காத்துக்குழாய்... அது கீழ கிடந்துச்சு. தூசி போயிடுமேன்னு நல்லா உள்ள தள்ளி அடைச்சேன்..."

அத்தை பாய்ந்து வந்தார். மாட்டிய குழாயைக் கழற்றி, வளைவுக்குள் விரலை விட்டார். வெளியே வந்தது, மஞ்சள் துணி. அதன்மேல் சிவப்புக் குடை.

"எஞ்சின் வாயையெல்லாம் பார்த்தேன். குழாயைத் தடவிப் பார்க்காம விட்டது என் தப்பு" என்று அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டார்ட் பண்ணியிருந்தா இதை உறிஞ்சி உள்ள இழுத்திருக்கும். இத்தனை நாள் பார்த்த வேலையும் போச்சு, எஞ்சினும் போச்சு."

அப்பா இறங்கி வந்து சில்வண்டுவைத் தூக்கிக்கொண்டார். "நான் கிழிச்ச கவுனு என்னையே காப்பாத்திடுச்சுடா" என்றார்.

குழாயை மாட்டி, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு உறுமல் உறுமி, ஒரே சீராக ஓடியது. கரும்புகை மருந்துக்குக்கூட இல்லை.

பாக்கெட்டை அப்பாவே சோப்புப் போட்டுத் தேய்த்தார். விடிந்து காய்ந்ததும் அம்மாவிடம் நீட்டினார். "இதை நம்ம வண்டி சீட்டுல தெச்சுக் குடேன். என் பக்கத்து சீட்டுல."

"எஞ்சின் ஏறின பிறகும் வேலை முடியலையா உங்களுக்கு?" என்று அம்மா அலுத்துக்கொண்டார். ஆனால் இரட்டை நூல் கோத்து அழுத்தமாகத் தைத்தார். எண்ணெய்க் கறை போகவில்லை. குடைக்குக் கீழே மழை மேகம் மாதிரி அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சில்வண்டு சொல்லிவிட்டாள்.

லாரி கிளம்புவதற்கு முன் அவள் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

"காயா, பழமா?" என்று கேட்டார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி, ஒன்றும் தெரியாதவர் போல.

சில்வண்டு பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். உள்ளே ஒரு மிட்டாய் இருந்தது. பிரித்து வாயில் போட்டுக்கொண்டு அவள் சொன்னது, கீழே நின்ற அத்தைக்கும் அம்மாவுக்கும் சுத்தமாகப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. ஹாரனை ஒரு தடவை அழுத்திவிட்டுச் சிரித்தார்.