ஏழும் இருக்கா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மாவின் போன் வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் அம்மாவுக்கு அன்று ஒரு நாள்தான் விடுமுறை. அஸ்ஸாமில், சிவசாகர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ருணுமிக்கும் அவள் தம்பி ஜிந்துவுக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மா.

முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள். பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி. பிறகு, ஜிந்து மூக்கை எதில் துடைக்கிறான் என்று விசாரிப்பாள். துண்டில்தான் என்று அவன் அடித்துச் சொல்வான். சட்டைக் கை வேறு கதை சொல்லும். நல்லவேளை, போனில் அது தெரியாது.

எல்லாம் முடிந்ததும், "மாஜனி, போனைக் குளத்துப் பக்கம் கொண்டு போ" என்பாள். மகளை அவள் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவாள்.

ருணுமி வீட்டுக்குப் பின்னால் போய், "தொய்… தொய்…" என்று குரல் கொடுப்பாள். வாத்துகள் கத்திக்கொண்டே வரும். அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏழும் இருக்கா?"

"இருக்கு மா."

பச்சைப் பொய். குளத்தில் இருந்தவை நான்குதான்.

அந்த ஏழு வாத்துகளும் அம்மாவின் செல்லங்கள். முட்டையிலிருந்து வெளியே வந்த நாள் முதல், நத்தையை நசுக்கிக் கொடுத்தும் தவிட்டைப் பிசைந்து வைத்தும் வளர்த்தவை. ரயிலேறக் கிளம்பிய அன்று அம்மா அழவில்லை. ஜிந்துவுக்குத் தலை வாரிவிட்டாள். அப்பாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். கடைசியாக ருணுமியிடம், "நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்த ஏழும் உன் பொறுப்பு" என்றாள். பத்து வயதுப் பெண் இதற்கு என்ன சொல்வாள்? தலையை ஆட்டினாள்.

இன்னொன்றையும் அம்மா விட்டுவிட்டுப் போயிருந்தாள். நான்கு பாட்டில் காரநீர். விதை வாழையின் தோலை வெயிலில் காயவைத்து, எரித்து, அந்தச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்தெடுப்பது. பார்ப்பதற்குப் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். பப்பாளிக்காயோடு சேர்த்துச் சமைத்தால் சாப்பாட்டின் முதல் கறி அதுதான். மிச்சத்தில் தலையும் அலசலாம், துணியும் வெளுக்கலாம். அது தீர்ந்தால் வடித்துக்கொள்ள, ஒரு சாக்கு நிறையக் காய்ந்த தோலையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

தை மாதம் கடைசி பாட்டிலும் தீர்ந்தது. ருணுமி அண்ணாந்து சாக்கைப் பார்த்தாள். எரிக்க வேண்டும், வடிக்க வேண்டும், கண்ணில் புகை. அதுமட்டுமல்ல. பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரும் ஹிமாத்ரியின் சட்டையில் பூ வாசம் வீசும். இவள் சட்டையில் சாம்பல் வாசம்தான். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவை அவர்கள் தேவ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் போய், "தேவ்தா, எல்லாரும் சோப்புத்தூள்தான் வாங்குறாங்க" என்றாள். வயலிலிருந்து அலுத்துப்போய் வந்திருந்த அப்பா மறுநாளே பெரிய பாக்கெட்டாக வாங்கி வந்தார்.

நுரையென்றால் அப்படியொரு நுரை! ஜிந்து அதில் தாடி ஒட்டிக்கொண்டு, தான்தான் தலைமையாசிரியர் என்று வாத்துகளை வரிசையில் நிற்கச் சொன்னான். அம்மா எப்போதும் குளத்திலிருந்து தண்ணீரை மொண்டுபோய் வாழைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் துவைப்பாள். இந்த நுரை போக வாளி வாளியாக அலச வேண்டியிருந்தது. அவ்வளவு தண்ணீரை ருணுமியால் சுமக்க முடியவில்லை. அதனால் மூங்கில் படித்துறையிலேயே உட்கார்ந்து துவைத்தாள். எண்ணெய்ச் சட்டியையும் அங்கேயே கழுவினாள். குளம் சின்னது. நுரை கரையோரமாகவே சுற்றிச்சுற்றி வந்தது.

ஒரு பனிக்காலைக் குளிரில், ஒரு வாத்து கரையில் விறைத்துக் கிடந்தது. நான்கு நாள் கழித்து இன்னொன்று. அப்பா பார்த்துவிட்டு ஏதோ சீக்கு என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டபோது, ருணுமியின் வாயில் தானாக வந்துவிட்டது: "இருக்கு மா." இரண்டைத்தானே மறைத்தோம், இதோடு நின்றுவிடும் என்று நினைத்தாள்.

நிற்கவில்லை. அடுத்தது புட்டுகி.

புட்டுகி என்றால் உடம்பெல்லாம் புள்ளி உள்ளவள். மற்ற வாத்துகள் கத்தி முடித்த பிறகு, தும்முவதுபோலத் தனியாக ஒரு குரல் விடும். வீட்டில் எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை புட்டுகியுடையதுதான் என்று அம்மா கேலி செய்வாள். அதைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது உயிர் இருந்தது. அடுப்பருகே மடியில் வைத்துக்கொண்டு ருணுமி துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்தது. துண்டைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். மத்தியானம் அது கழுத்தை அவள் முழங்கையில் சாய்த்தது. அப்புறம் நிமிர்த்தவே இல்லை.

வாழை மரத்தடியில் புதைத்தார்கள். ஜிந்து ஒரு கைப்பிடி தவிட்டையும் குழியில் போட்டான். பசிக்கும் என்றான். அதைக் கேட்டதும் ருணுமிக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

அன்று மாலை அப்பா, வியாழக்கிழமைச் சந்தையில் மீதி நான்கையும் விற்றுவிடலாம் என்று சொன்னார். இருப்பதும் செத்துப்போவதற்குள் கொடுத்துவிடுவது நல்லது என்பது அவர் எண்ணம். பொய் சொன்னவளுக்கு வழக்காட வாய் ஏது?

புதன்கிழமை ஜிந்துவைக் குளிக்க வைத்தாள். கடுகெண்ணெயைத் தலையில் நிறையத் தேய்த்திருந்தாள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. தலை நனையவே இல்லை.

"பாரு, நான் வாத்து" என்றான் ஜிந்து.

ருணுமியின் கை அப்படியே நின்றது.

வாத்தின் முதுகிலும் தண்ணீர் இப்படித்தான் உருண்டு ஓடும். குளம் முழுக்க நீந்திவிட்டு வந்தாலும், ஒரு உதறு உதறினால் காய்ந்துவிடும். புட்டுகியை மட்டும் ஏன் துடைத்துக் காயவைக்க முடியவில்லை? அவளுக்கு எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வந்தது. சோப்புத்தூளை ஒரு சிட்டிகை போட்டால் போதும், எவ்வளவு பிசுக்கானாலும் ஒரு நிமிடத்தில் போய்விடும். வாத்து வால் பக்கமிருந்து எண்ணெயை எடுத்து இறகு முழுக்கத் தடவிக்கொள்வதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! அந்த எண்ணெயும் சட்டிப் பிசுக்கைப்போலவே போயிருக்கிறது. நனைந்து, நனைந்து, குளிரில்.

தம்பியைப் பாதி ஈரத்தோடு விட்டுவிட்டு ஓடினாள். மிச்சமிருந்த நான்கில் ஒரு வாத்தைப் பிடித்து இறகுக்குள் விரலை விட்டாள். தோல் வரைக்கும் சொதசொதவென்று இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து மண்வெட்டியைக் கீழே வைக்கும்வரைதான் பொறுத்திருந்தாள்.

"தேவ்தா, சீக்கு இல்ல. நான்தான் கொன்னுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய்ச் சட்டி, ஜிந்துவின் தலை, படித்துறை, நுரை. அப்பா படித்துறைக்குப் போய், கரையோர நுரையைக் கையால் அள்ளிப் பார்த்தார்.

"பாக்கெட்டை வாங்கிட்டு வந்தவன் நான்தானே. உனக்குப் பத்து வயசு, எனக்கு நாப்பது. எனக்கும்தான் தெரியல" என்றார்.

வாத்துகள் சந்தைக்குப் போகவில்லை. நுரைத் தண்ணீர் போய், இறகில் மறுபடி எண்ணெய் ஏறும்வரை இருக்கட்டும் என்று அப்பா மூங்கில் பட்டி ஒன்று கட்டினார். குளத்துப் பக்கமே போகாமல், வைக்கோல் பரப்பிய அந்தப் பட்டிக்குள் நான்கும் அடைந்து கிடந்தன. குடிக்க ஒரு சட்டித் தண்ணீர் மட்டும். குளம் கண்ணுக்குத் தெரிகிறது, கால் போக முடியவில்லை என்று நாள் முழுக்க அவை ருணுமியைத் திட்டின. திட்டட்டும் என்று அவள் தவிட்டை வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு சாக்கை இறக்கினாள். அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாளே தவிர, தானாகச் செய்ததில்லை. முதல் தடவை அவசரத்தில் சாம்பலின் மேல் ஒரே மூச்சில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். கீழே கறுப்புச் சேறுதான் வந்தது. இரண்டாவது தடவை சிரட்டையின் ஓட்டையில் வைக்கோலை அடைத்து, சாம்பலை நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காத்திருந்தாள். சொட்டுச்சொட்டாக இறங்கியது. தேநீர் நிறம். வாசத்தை முகர்ந்ததும் அம்மா பின்னால் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அன்றிலிருந்து துணியை வாழைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் துவைத்தாள். காரநீரில் நுரை வராததால் இரண்டு வாளி தண்ணீரே போதும். அதையும் அப்பா சுமந்து தந்தார். பள்ளியில் சட்டை மறுபடியும் சாம்பல் வாசம் வீசியது. ஒருநாள் ஹிமாத்ரி, உன் முடி மட்டும் எப்படி இவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று கேட்டாள். ருணுமி காரநீரைப் பற்றிச் சொன்னாள். ஆனால் அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. புட்டுகியின் குழிமேல் புல் முளைத்திருந்தது.

பங்குனியில் மழை கொட்டியது. குளம் நிரம்பி வழிந்து, பழைய தண்ணீர் வயலோரக் கால்வாயில் போய்ச் சேர்ந்தது. பிஹு பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா பட்டியைத் திறந்தார். நான்கும் இடித்துக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழுந்தன.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

அம்மாவால் பிஹுவுக்கு வர முடியாதாம். கம்பெனியில் வேலை நிறைய இருக்கிறதாம், அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோதான் விடுவார்களாம். ஜிந்து போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டான். மூக்கைச் சட்டையில்தான் துடைத்தான்.

"மாஜனி, குளத்துப் பக்கம் போ."

ருணுமி போனாள். ஆனால் வாத்துகளைக் கூப்பிடவில்லை.

"மா, ஏழு இல்ல. நாலுதான் இருக்கு. நான் பொய் சொன்னேன்." சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தாள். "புட்டுகியும் இல்ல மா."

அந்தப் பக்கம், தூரத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தெரியும்" என்றாள் அம்மா.

"தேவ்தா சொல்லிட்டாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. ரெண்டு மாசமா அதோட குரல் கேக்கலையே."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வாரமும் ஏழும் இருக்கான்னு கேட்டே?"

"நீயா சொல்லுவேன்னுதான் கேட்டேன்" என்றாள் அம்மா. "சரி, அழாதே. எப்படி ஆச்சுன்னு சாவகாசமா சொல்லு. அதுக்கு முன்னாடி அந்த நாலையும் கூப்பிடு."

"தொய்… தொய்…"

நான்கும் கத்திக்கொண்டே கரையேறின. ஒரு உதறு உதறின. தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு விழுந்தது. முதுகு காய்ந்திருந்தது. எல்லாம் கத்தி முடித்த பிறகு, வழக்கமாகப் புட்டுகி தும்மும் இடத்தில் ஒன்றுமில்லை.

"போனை அப்படியே பிடிச்சுக்கிட்டு இரு மாஜனி" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம்."

ருணுமி படித்துறையில் உட்கார்ந்து, கை வலிக்கும்வரை போனைக் குளத்தின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள். வலித்ததும் கையை மாற்றிக்கொண்டாள்.