ரெண்டு, அப்புறம் ஒண்ணு

காலி அறையிலிருந்து யாரோ பட்டனை அழுத்தினார்கள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அந்தச் சின்ன அறையில், சத்தம் புகாத தடித்த கண்ணாடிக்குப் பின்னால், ஒரு நாற்காலியும் கொக்கியில் தொங்கும் ஹெட்ஃபோனும் சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பட்டனும் மட்டும்தான் இருந்தன. ஆனாலும் மேஜைமேல் லேப்டாப் திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது, அணைந்தது, யாரோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் விட்டு மறுபடி எரிந்தது. வயர் லூஸாக இருக்கும். இந்த க்ளினிக்கில் எதுதான் உருப்படியாக வேலை செய்கிறது?

சோதனை மென்பொருள் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டரோ இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. போன வாரம் கம்ப்யூட்டர்காரர் வந்து, வர்ச்சுவல் மெஷின் என்று ஒன்றைப் போட்டு, லேப்டாப்புக்குள் ஒரு ஜன்னலில் அந்தப் பழையதை அப்படியே உட்கார வைத்துவிட்டுப் போனார்.

"ஆஃப் பண்ணக்கூட இல்ல மேடம். ஓடிட்டிருந்ததை அப்படியே நிறுத்தி உள்ள கொண்டு வந்துட்டேன். லைசென்ஸும் செல்லும். ஆனா ஒரு லைசென்ஸுக்கு ஒண்ணுதான், அதை மட்டும் மறந்துடாதீங்க."

நிறுத்தியபோது யாருடைய சோதனை ஓடிக்கொண்டிருந்தது என்று அவள் கேட்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் மகள்மேல். ஆறு வயது சிட்டு. காய்ச்சல் வந்து ரெண்டு காதும் அடியோடு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பெற்ற மனசு ஒத்துக்கொள்ளுமா? தினமும் இங்கே அடுத்தவர் காதைச் சோதிக்கிறவள், ஆள் வராத மதிய நேரமாகப் பார்த்து, மகளைத் தானே சோதிக்கக் கூட்டி வந்திருந்தாள். துளி மிச்சம் இருந்தாலும் போதும்.

கண்ணாடி அறைக்குள் கூட்டிப் போய் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டதும், நாற்காலியில் உட்கார்ந்த சிட்டு அம்மாவின் உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டினாள். காது போனபிறகு அவளாகக் கண்டுபிடித்த பாஷை. நான் இங்கே இருக்கேன் என்று அர்த்தம்.

கனமான கதவைச் சாத்திவிட்டு வந்து மகள் பெயரை அடித்தாள். திரையில் ஒரு பெட்டி வந்தது. 'இந்த உரிமத்தில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார். இடம் மாற்றவா?'

ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி பார்க்கிறவள். படித்தும் படிக்காமலும் 'ஆம்' என்று தட்டினாள். லேப்டாப் விசிறி இரைந்து ஓய்ந்தது. சூடான தூசி வாடை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிட்டுவின் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின.

பெரிய சத்தம் கொடுத்தாள். பட்டன் அழுந்தியது. குறைத்தாள். அழுந்தியது. இன்னும் குறைத்தாள், தனக்கே கேட்காத அளவுக்கு. அழுந்தியது. வலது காது. இடது காது. பச்சைப் புள்ளி தவறவே இல்லை. கேட்குது. என் பிள்ளைக்குக் கேட்குது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் கவனித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்து. நிதானமாக. பழகிய கை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். சிட்டு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் ஒழுங்காக மாட்டியிருந்தாள். பட்டனையும்.

"சிட்டு." அம்மாவின் உதடு மட்டும்தான் அசைந்தது.

உடனே திரும்பினாள்.

"முடிஞ்சுதா மேடம்?" சிட்டுவின் குரல்தான். "ரொம்ப நாளா உட்கார்ந்திருக்கேன்."

அம்மா பின்வாங்கினாள். மேஜையில் இடித்தாள். லேப்டாப். உள்ளே அந்த ஜன்னல். யாரும் தொடாத பட்டன். பச்சைப் புள்ளி எரிந்தது.

ரெண்டு. கொஞ்சம் விட்டு, ஒண்ணு.

ரெண்டு. ஒண்ணு.

ரெண்டு.