நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

"பாசம் என்பது மூளையில் வரும் வீக்கம். எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை" என்று தீர்ப்பு வாசிக்கும் முகத்துடன் அறிவித்தார் துப்பறிவாளர். அவருடைய மனைவியின் தம்பியும் உதவியாளருமான மச்சான் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டிருக்கும்போதே, மருத்துவமனை மருந்தாளுநர் அம்மாள் வந்து இரண்டு காலிப் புட்டிகளை மேசையில் வைத்தார்.

"வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை இதய நோய்க்கும் உதவுமான்னு சோதிக்கிறோம் சார். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. யாருக்கு எதுங்கிற பட்டியல் என்கிட்ட மட்டும்தான். அதுலயும் நம்பர்தான், பேர் கிடையாது. இந்தப் புட்டிங்க நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டோடது. அவங்கள்ல ஒருத்தருக்குத்தான் நிஜ மருந்து. ஆனா ரெண்டு பேர் ரத்தத்துலயும் பாதி அளவு மருந்து இருக்கு! நான் புட்டியை மாத்தியிருந்தா முந்நூறு பேரோட ரெண்டு வருஷம் குப்பைதான்."

"மாத்திட்டீங்க. கேஸ் முடிஞ்சது" என்றார் மச்சான்.

"மாத்தியிருந்தா ஒருத்தருக்கு முழுசா இருக்கும், இன்னொருத்தருக்கு ஒண்ணுமே இருக்காது. பாதி எப்படிடா வரும்? மூடியைப் பாரு" என்றார் துப்பறிவாளர்.

இரு மூடிகளின் உட்புறத்திலும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேரான கீறல். கீறலுக்குள் வெள்ளைப் பொடி.

"மூடியில வெச்சு மாத்திரையை வெட்டியிருக்காங்க. ரெண்டும் ஒரே கை, வெட்டிப் பழகின கை. அடுத்தடுத்த நம்பர்னா சேர்ந்தே வந்து பேர் கொடுத்தவங்க. ஒரே வீடு. கூப்பிடுங்க."

மறுநாள் காலை மருத்துவமனை அறையில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வெத்து மாத்திரையும் வரலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. இவருக்கு அது வந்துட்டா?" என்றார் மனைவி.

"இவளுக்கு வந்துட்டா? அதான் தினமும் ரெண்டையும் வெட்டி, ரெண்டுலயும் ஆளுக்குப் பாதி."

"ஒருநாள் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாரு. விடுவேனா?"

"நான் வெட்டினதுல பெரிய பாதி ஏதுடி?"

பட்டியல் சரிதான். முந்நூறு பேரின் இரண்டு வருடமும் பிழைத்தது. மருந்தாளுநர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"எங்களை வெளியே அனுப்பிடுவீங்களாம்மா?" என்றார் தையல்காரர்.

"இல்லைய்யா. நடந்ததை நடந்தபடி எழுதிக்குவோம். பரிசோதனைக்கு எப்பவும்போல வாங்க. கத்திரி வேலை மட்டும் கடையோட நிக்கட்டும்."

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் துப்பறிவாளர் உதட்டைப் பிதுக்கினார். "முத்தின வீக்கம். எழுதிக்கோ."

மச்சான் எழுதிவிட்டு நிமிர்ந்தார். துப்பறிவாளர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று போனில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"பிரஷர் மாத்திரை போட்டியா?... ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்."